மலைப்பக்கம் கட்டிய துணி

தாரிபைலு, அங்கோலா தாலுகா
7 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ஓஸ்வால்ட் எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது, உனக்கு நைட் டியூட்டி மாறியதா என்று எழுது.

இங்கே போன் பிடிக்காது. மலை உச்சியில் ஒரு பாறையின் மேல் ஏறி நின்றால்தான் ஒரு கோடு வரும். அப்பா பட்டாளத்திலிருந்து எழுதியது போல நானும் எழுதுகிறேன், வைத்துக்கொள். தபால்காரர் ஓடத்தில் உப்பங்கழியைத் தாண்டி வருகிறார்.

ஊர் சின்னது. முன்னால் கடல், படகுகள், காயும் மீன். வீடுகளுக்குப் பின்னால் நெல் வயல். வயல் முடிந்த இடத்திலேயே கரிகுட்டா மலை நிமிர்ந்து நிற்கிறது. முன்காலத்தில் இந்த மலை வழியாகத்தான் உப்பு மேலூர்களுக்குப் போனதாம். அந்தப் பாதை பெங்களூரில் யாருக்கும் தெரியாது. நான் அதைக் கண்டுபிடித்து, அடையாளம் கட்டி, படம் எடுத்துக் கொடுத்தால் டிசம்பரிலிருந்து எங்கள் மலையேற்றக் கம்பெனி சனி ஞாயிறுகளில் ஆட்களை அழைத்து வரும். இந்த வேலை சரியாக முடிந்தால் அடுத்த வருஷம் நானே ஒரு குழுவுக்குத் தலைவன்.

தங்கியிருப்பது நாகேஷ் என்பவர் வீட்டில். அவருடைய தம்பி பீராவும் பீராவின் மனைவி மமதாவும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். வந்த அன்று சாயங்காலம் ஒரு காட்டுப்பன்றியைக் கம்பில் கட்டித் தூக்கி வந்தார்கள். கீழ்த்தாடை இல்லை. குண்டு அதைக் கொண்டுபோய்விட்டது. இருந்தும் கொஞ்ச தூரம் ஓடியதாம். வாசலிலேயே கோடாலியால் பிளந்தார்கள். ரத்தம் சாக்கடையில் இறங்கி ஓட, நாய்கள் வரிசையாக நின்று நக்கின. எனக்கும் ஒரு பங்கு வந்தது. சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

இன்னொரு செய்தி. மலையடியில் ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது. பெருமாள்சாமி, அவர் மனைவி சின்னத்தாயி. தருமபுரிப் பக்கத்திலிருந்து கல் குவாரி வேலைக்கு வந்தவர்கள், குவாரி மூடியதும் ஒரு துண்டு வயலை வாங்கி இங்கேயே இருந்துவிட்டார்கள். நான் தமிழில் பேசியதும் அந்தம்மா அடுப்பை விட்டு வெளியே ஓடி வந்தார். "எங்க ஊரு பேச்சக் கேட்டு எத்தினி வருசமாச்சு, உக்காரு சாமி" என்றார். கருவாட்டுக் குழம்பு போட்டார்.

குழந்தை இயேசு கோயிலில் எனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்று.

உன் தம்பி,
ஓஸ்வால்ட்


விவேக் நகர், பெங்களூரு
14 அக்டோபர் 2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மா இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். முழங்கால் வீக்கம் வற்றியிருக்கிறது, ஆனால் கோயில் படி ஏற முடியவில்லை. நான் நன்றாக இருக்கிறேன். டியூட்டி மாறவில்லை. கேஷுவாலிட்டியில் ஆள் குறைவு.

நேற்று ஒரு பையனைக் கொண்டு வந்தார்கள். ஒக்கலிபுரத்தில் வண்டி இடித்த தகராறு. தோளிலிருந்து முழங்கை வரை மச்சுக் கத்தியால் இழுத்திருந்தார்கள். எலும்பு வெளுப்பாகத் தெரிந்தது. கூட வந்தவன், "விழுந்துட்டான் சிஸ்டர்" என்றான். எங்களிடம் எல்லோருமே விழுந்துவிட்டவர்கள்தான். காயம் என்ன சொல்கிறதோ அதைத்தான் நாங்கள் எழுதுவோம்.

பன்றியைச் சுட்டது யார்? அந்த ஊரில் எத்தனை பேரிடம் துப்பாக்கி இருக்கிறது? நீ நடக்கிற மலையில்தான் சுடுகிறார்களா? இதையெல்லாம் எழுதாமல் குழம்பைப் பற்றி எழுதுகிறாய்.

அழுக்குத் துணியை வழக்கம்போல உன் கம்பெனி வெங்கி அங்கே வரும்போது அவனிடம் கொடுத்தனுப்பு. பையின் வார் அறுந்திருந்தால் அதையும் அனுப்பு. ஜெயராஜ் கடையில் தைத்து வைக்கிறேன்.

உன்னைக் காக்க வேண்டியவர் காக்கட்டும்.

அன்பு அக்கா,
பெர்னதெத்


தாரிபைலு
22 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவை மாடிப்படி ஏற விடாதே. நான் சுகமாக இருக்கிறேன். கணுக்கால் கொஞ்சம் பிசகி, அதுவும் சரியாகிவிட்டது.

நீ கேட்டதற்குப் பதில்: இங்கே யாரும் சுடுவதில்லை, துப்பாக்கி தானே சுடுகிறது. நெல் முற்றும்போது பன்றிகள் இறங்கும். நாட்டுத்துப்பாக்கியை ஒரு கவட்டையில் படுக்க வைத்துக் கட்டி, அதன் விசையிலிருந்து ஒரு மெல்லிய கம்பியைப் பன்றி வரும் தடத்துக்குக் குறுக்கே இழுத்து விடுவார்கள். பன்றி கம்பியில் முட்டினால் வெடிக்கும். சட்டப்படி தப்பு. ஆனால் ஊரில் பாதிப் பேர் வைக்கிறார்கள், பெருமாள்சாமியும் வைக்கிறார். தடம் மாற மாற இடமும் மாறும். பயப்படாதே. பொழுது சாயும்போதுதான் வெடிமருந்து போடுவார்கள், விடிந்து வெளிச்சம் வந்ததும் எடுத்துவிடுவார்கள். "பகல்ல ஒண்ணும் ஆவாது. இருட்டுனதுக்கு அப்புறம் மட்டும் மலையில கால வெச்சிராத" என்று அவரே சொல்லியிருக்கிறார். நான் நான்கு மணிக்கெல்லாம் இறங்கிவிடுகிறேன்.

பாதை அற்புதமாக இருக்கிறது. முதலில் முந்திரிக் காடு, பிறகு மூங்கில், அதற்கு மேல் வெறும் கரும்பாறை. பாதி ஏறித் திரும்பினால் கடல் சுவர் மாதிரி நிற்கிறது. ஒரே ஒரு எரிச்சல். எனக்கு முன்னால் வேறு கம்பெனிக்காரன் எவனோ வந்து போயிருக்கிறான் போலிருக்கிறது. கவலையில்லை, சரிசெய்துவிட்டேன். இப்போது எங்கள் நீல ரிப்பன் மட்டும்தான்.

வெங்கி இரண்டு நாள் தங்கிப் பார்த்துவிட்டு இன்று புறப்படுகிறான். பழைய பையை அவனிடம் கொடுத்திருக்கிறேன். வார் அறுந்துவிட்டது.

உன் தம்பி,
ஓஸ்வால்ட்


தாரிபைலு
27 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் வருமுன் எழுதுகிறேன். நான் நலம். அம்மாவிடம் இதைப் படித்துக் காட்ட வேண்டாம்.

பீரா இறந்துவிட்டான். தேன் எடுக்க மேலே போய்த் தங்கியவன் புதன்கிழமை விடியும் முன் டார்ச் அடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறான். பெருமாள்சாமி வயலுக்கு மேலே உள்ள பாதையில் கம்பி காலில் பட்டது. சத்தம் கேட்டு நாங்கள் ஓடினோம். தொடையின் உள்பக்கம் மொத்தமாகத் திறந்திருந்தது. வயிற்றிலும் இரண்டு ஓட்டை. தேன் குடம் உடைந்து ரத்தத்தோடு கலந்து கிடந்தது, அதற்குள் எறும்பு வந்துவிட்டது. ஒரு கதவைக் கழற்றி அதில் கிடத்தித் தூக்கினோம். நான் தலைமாட்டில் பிடித்திருந்தேன். "தண்ணி வேணும்" என்று கன்னடத்தில் கேட்டுக்கொண்டே வந்தான். ஓடத்துறையில் இறக்கியபோது கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஊர் பெருமாள்சாமி வீட்டுக்குப் போனது. அவர் ஓடவில்லை. மனிதர் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். நாகேஷும் அவர் மாமன்மார் மூன்று பேரும் அவரைத் தலைமயிரைப் பிடித்து இழுத்து வந்து, அவர் வீட்டு அம்மிமேல் வலது கையை வைத்து, குழவியைத் தூக்கி அடித்தார்கள். ஒருமுறை அல்ல. கை கை மாதிரி இல்லாமல் போகும்வரை அடித்தார்கள். கூரைக்குத் தீ வைத்தார்கள். சின்னத்தாயி தடுக்கப் போய் வயிற்றில் உதை வாங்கினார்.

அவர் ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பக் கத்தினார்: துணி கட்டியிருந்தேன். இந்த ஊர் வழக்கம் ஒன்று இருக்கிறது. கம்பி கட்டுகிறவன் மலைப்பக்கத்துப் பாதையில் மூன்று செடிகளில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். துணி இருந்தால் அந்தப் பக்கம் யாரும் கால் வைக்கமாட்டார்கள். வைத்துச் செத்தால் அது விதி, யார் மேலும் குற்றமில்லை. துணி இல்லையென்றால் அது கொலை. எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். அங்கே துணி இல்லை. ஆவணியில் வாய்க்கால் தண்ணீருக்காகப் பீராவும் அவரும் சண்டை போட்டிருக்கிறார்கள். அதனால் வேண்டுமென்றே கட்டாமல் விட்டான் என்கிறது ஊர்.

பெருமாள்சாமி கூட்டத்தில் என்னைப் பார்த்தார். "தம்பி, நீ தெனமும் மேல போனவன். துணியப் பாத்திருப்ப. இவனுங்களுக்கு உன் வாயால சொல்லு" என்றார். என்ன சொல்கிறான் என்று நாகேஷ் கேட்டார். நான் கன்னடத்தில் சொன்னேன். நீ பார்த்தாயா என்று கேட்டார். பார்க்கவில்லை என்றேன்.

பிறகு போலீஸ் வந்து அவரைக் கொண்டுபோனார்கள். படங்கள் இருக்கின்றன என்று என் போனையும் வாங்கிக்கொண்டார்கள்.

வெங்கி கொண்டுவந்த பையைத் திறக்க வேண்டாம். நாற்றம் அடிக்கும். அப்படியே குப்பை வண்டியில் போட்டுவிடு.

ஓஸ்வால்ட்


விவேக் நகர்
3 நவம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. அந்தப் பையனின் ஆன்மாவுக்காக நேற்று கல்லறைத் திருநாள் பூசையில் பெயர் கொடுத்தேன். பீரா என்று வாசிக்கும்போது சாமியார் கொஞ்சம் தடுமாறினார்.

நீ உடனே கிளம்பி வந்துவிடு. கம்பெனியிடம் நான் பேசுகிறேன்.

அந்த மனிதரின் கையை யார் பார்த்தார்கள்? அப்படி நசுங்கிய கையை ஆறு மணி நேரத்துக்குள் கழுவி, செத்த சதையை எடுத்திருக்க வேண்டும். லாக்கப்பில் போட்டிருந்தால் இதற்குள் கறுத்திருக்கும். தெரிந்தால் எழுது.

ஒன்று எனக்குப் புரியவில்லை. வருஷக்கணக்காகத் துணி கட்டிக் கம்பி கட்டுகிற ஆள், வாய்க்கால் சண்டைக்காகக் கொல்ல நினைத்திருந்தால், தன் வயலுக்கு மேலேயே தன் துப்பாக்கியால் கொல்வாரா? அத்தனை பேர் கூடி அடிக்கிறபோது ஓடாமல் நிற்பாரா?

பை பால்கனியில் இருக்கிறது. நீ உன் முதல் சம்பளத்தில் வாங்கியது. அதை ஏன் குப்பையில் போடச் சொல்கிறாய்?

அன்பு அக்கா,
பெர்னதெத்


தாரிபைலு
12 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். இப்போது வர முடியாது. சாட்சி என்று போட்டிருக்கிறார்கள், சொல்லாமல் ஊரை விட்டுப் போகக்கூடாதாம். ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுத்தேன். பாதையில் துணி எதுவும் இல்லை என்று எழுதி வாசித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன்.

பெருமாள்சாமிக்கு மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். நீ சொன்னபடிதான், கறுத்துவிட்டது. கொலைக் கேஸ் போட்டு உள்ளே வைத்திருக்கிறார்கள்.

சின்னத்தாயி ஓடத்துறைக் கொட்டகையில் இருக்கிறார். கடையில் அவருக்கு அரிசி கொடுப்பதில்லை. போன வாரம் அவருடைய எருமையின் பின்னங்கால் நரம்பை யாரோ அரிவாளால் வெட்டிவிட்டார்கள். எழுந்திருக்க முடியாமல் நாள் முழுக்கக் கத்தியது. கடைசியில் அவரே பாறாங்கல்லைத் தலையில் போட்டுக் கொன்றார். நான் தூரத்திலிருந்து பார்த்தேன்.

நாகேஷ் என்னை வீட்டு ஆளாகவே வைத்திருக்கிறார். பீராவின் தட்டில்தான் எனக்குச் சோறு. மமதா போடுகிறாள், முகத்தைப் பார்ப்பதில்லை. "நீ ஒருத்தன்தான் உங்க ஜாதிக்காரனுக்காகப் பொய் சொல்லலை" என்று நாகேஷ் என் தோளில் கை வைத்துச் சொன்னார். தமிழன் என்பதைத்தான் அவர் ஜாதி என்கிறார்.

பையைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதில் கம்பெனிச் சாமான் இருக்கிறது. வெங்கியை வரச் சொல்லி அவனிடமே கொடுத்துவிடு.

ஓஸ்வால்ட்


விவேக் நகர்
20 நவம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

அம்மா சுகம், நானும் சுகம்.

முதலில் குப்பை நாற்றம் என்றாய், பிறகு கம்பெனிச் சாமான் என்றாய். பையைத் திறந்தேன்.

உன் இரண்டு சட்டை, ஒரு காற்சட்டை, சாக்ஸ். அடியில் கம்பெனியின் பச்சைக் குப்பை உறை. மலையிலிருந்து குப்பையைப் பொறுக்கி வர வேண்டும் என்பது உங்கள் சட்டம், தெரியும். பிஸ்கட் தாள், ஒரு பாட்டில் மூடி. அவற்றோடு மூன்று சிவப்புத் துணிகள். ஒரே பாவாடையிலிருந்து கையால் கிழித்தவை. முடிச்சு அவிழவில்லை, முடிச்சுக்குப் பக்கத்தில் கத்தியால் அறுத்திருக்கிறது.

வெங்கிக்குப் போன் போட்டு வரவழைத்தேன். துணியைக் காட்டினேன். சிரித்தான். "அது எதிர் கம்பெனி ரிப்பன் சிஸ்டர். நம்ம ஆளுங்க புதுப் பாதை பிடிச்சா முதல் வேலை அடுத்தவன் ரிப்பனை அறுக்கறதுதான். அவனுங்களும் நம்மளத அறுப்பானுங்க. ஓஸ்வால்ட் நான் கிளம்பற அன்னிக்குக் காலையிலதான் அறுத்தான், நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்" என்றான். பீரா செத்தது அவனுக்குத் தெரியும். துணி வழக்கம் தெரியாது. நானும் சொல்லவில்லை.

அறுத்தபோது உனக்கும் தெரியாது. அதை நான் நம்புகிறேன். அந்த அம்மியின் பக்கத்தில் நின்றபோது தெரியும்.

எழுது.

பெர்னதெத்


விவேக் நகர்
9 டிசம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

நான் எழுதி இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது, உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. தபால் தொலைந்திருக்கலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் கல்கல் பலகாரத்துக்கு மாவு பிசைந்துகொண்டு, கிறிஸ்துமஸுக்கு நீ வருவாய் என்று உன் பங்கைத் தனி டப்பாவில் போடுகிறாள்.

துணிகளைத் துவைக்கவில்லை. என் அலமாரியில் இருக்கின்றன.

போன வாரம் ஒரு பெண்ணைக் கொண்டு வந்தார்கள். வயிற்றில் உதைத்து மண்ணீரல் கிழிந்திருந்தது. நான் பிடித்திருந்த கையிலேயே போனாள். சின்னத்தாயிக்கு வயிற்றில் உதை விழுந்தது என்று எழுதியிருந்தாய். வலி இருக்கிறதா, சிறுநீரில் ரத்தம் போகிறதா என்று கேட்டாயா? கேட்டு எழுது. அதையாவது எழுது.

பெர்னதெத்


தாரிபைலு
16 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாக் கடிதங்களும் கிடைத்தன. நான் சுகம்.

சின்னத்தாயியிடம் கேட்கவில்லை. என்னைப் பார்த்தால் மணலில் துப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

ஜனவரி ஐந்தாம் தேதி ஊர்க்கூட்டம். சின்னத்தாயியைக் கழிக்கு அந்தப்பக்கம் துரத்துவதா என்று முடிவு செய்யப்போகிறார்கள். பெருமாள்சாமிக்கு ஜாமீன் கிடைக்கும் என்று வக்கீல் சொல்கிறாராம். கிடைத்தால் ஓடத்தில் ஏறும் முன்னே முடிப்பது என்று நாகேஷின் மாமன்மார் பேசிக்கொண்டார்கள். என் முன்னால்தான் பேசினார்கள். அவர்களில் ஒருவர் சுறாவுக்கு வைத்திருக்கும் தூண்டில் கொக்கியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா, அந்தத் துணிகளை எரித்துவிடு. பெருமாள்சாமிக்கு இனி விரல் முளைக்கப்போவதில்லை. பீரா எழுந்து வரப்போவதில்லை. நான் வாயைத் திறந்தால் அந்த அம்மி இன்னும் அங்கேதான் கிடக்கிறது, யாரும் கழுவவில்லை. எனக்கு இருப்பதும் இரண்டு கைதான்.

அம்மாவிடம் கிறிஸ்துமஸுக்கு வேலை என்று சொல்.

ஓஸ்வால்ட்


விவேக் நகர்
23 டிசம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். டப்பாவை மூடி வைத்திருக்கிறாள்.

எரிக்கவில்லை. எரிக்கவும் மாட்டேன்.

உன்னைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. நீ சொன்னால் அடிப்பார்கள். எப்படி அடிப்பார்கள், அடித்தால் எது உடையும் என்று உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும். சொல்லாவிட்டால் அந்த மனிதரை ஓடத்துறையில் வெட்டுவார்கள், நீ பீராவின் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பாய். அப்படி ஒரு தம்பியை அம்மாவின் முன் கொண்டுவந்து நிறுத்த என்னால் முடியாது.

நான்காம் தேதி காலை பஸ்ஸில் அங்கோலாவில் இறங்குவேன். மதியத்துக்குள் தாரிபைலு. மறுநாள் கூட்டத்தில் உன் பக்கத்தில் நிற்பேன். துணி மூன்றும் என் கைப்பையில் இருக்கும். நீ முதலில் சொல்ல வேண்டும். நீ பேசாமல் நின்றால் நான் எடுத்துக் காட்டுவேன். எனக்குக் கன்னடம் உன்னைவிடச் சரளம் என்பது உனக்குத் தெரியும். கூட்டம் முடிந்ததும் ஸ்டேஷனுக்குப் போய் நீ போட்ட கையெழுத்தை மாற்றுவோம்.

அடிக்கும்போது கையை நீட்டித் தடுக்காதே. தலையைக் குனிந்து, கையை அக்குளில் வைத்துக்கொள். டெட்டனஸ் ஊசி, வலி ஊசி, எலும்பு முறிவுக்குக் கட்டும் சிம்பு, கட்டுத்துணி இரண்டு சுருள் எடுத்து வைத்திருக்கிறேன். சின்னத்தாயியின் வயிற்றையும் நான் பார்க்க வேண்டும்.

கிறிஸ்துமஸ் பூசையில் உன் பெயரைச் சொல்வேன்.

அன்பு அக்கா,
பெர்னதெத்


தாரிபைலு
29 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவுக்கு என் முத்தம். கல்கல் டப்பாவைக் கொண்டு வா.

நேற்று ஓடத்துறைக் கொட்டகைக்குப் போய்ச் சின்னத்தாயியிடம் சொன்னேன். துணியை எங்கே அறுத்தேன், எதற்கு அறுத்தேன், அம்மியின் பக்கத்தில் ஏன் பேசவில்லை என்று எல்லாம் தமிழில் சொன்னேன். கடைசிவரை கேட்டார். பிறகு துடுப்புக் கட்டையை எடுத்து அடித்தார். நெற்றி பிளந்தது. நீ சொன்னபடி கையை அக்குளில் வைத்துக்கொண்டேன். மூன்றாவது அடியில் அவருக்கே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் வயிற்றைப் பற்றிக் கேட்டேன். வலி இருக்கிறதாம், ரத்தம் இல்லையாம்.

வீட்டுக்கு வந்ததும் நெற்றியில் என்ன என்று நாகேஷ் கேட்டார். பாறையில் விழுந்துவிட்டேன் என்றேன். மமதா மஞ்சளை அரைத்துப் பூசினாள்.

நாலாம் தேதி ஓடத்துறையில் நிற்பேன். கூட்டத்தில் நானே சொல்கிறேன், நீ கைப்பையைத் திறக்க வேண்டியிருக்காது.

கட்டுத்துணி இரண்டு சுருள் போதாது. நான்கு கொண்டு வா.

உன் தம்பி,
ஓஸ்வால்ட்